கடலோர விடுதியில் ஆண்டுக்கு ஒரு வாரம்: நாம் வாங்குவது எதை?

 



அமைதியான ஒரு கடலோர ஊரை எண்ணிப் பாருங்கள். தென்னந்தோப்பு, அதற்கப்பால் மணல்மேடு, மேட்டில் கவிழ்த்து வைத்த வள்ளங்கள், வெயிலில் காயும் வலைகள். ஒரு நாள் அந்தத் தோப்பைச் சுற்றிக் கம்பி வேலி எழுகிறது. வாசலில் நீச்சல் குளமும் ஓட்டு வீடுகளும் வரைந்த பெரிய விளம்பரப் பலகை நிற்கிறது. ஆண்டுக்கு ஒரு வாரம் இது உங்களுக்கே சொந்தம் என்கிறது பலகை. 'டைம் ஷேர்' என்று இதற்குப் பெயர். வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தோடு திரும்பும் சகோதரர்களும், நகரங்களில் கடை நடத்துவோரும் இதன் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஜும்ஆ முடிந்ததும் ஆலிம்களிடம் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், இது கூடுமா?"

கூடும் அல்லது கூடாது என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிட முடியாத கேள்வி இது. பெயரைப் பார்த்து ஒரு கொடுக்கல் வாங்கலுக்குத் தீர்ப்பு வழங்குவதில்லை. அதற்குள் விற்கப்படும் பொருள் எது, எவ்வளவு காலத்திற்கு, என்ன விலைக்கு, விற்பவருக்கு அது உண்மையிலேயே உரியதா என்று பார்த்தே ஃபிக்ஹு கலை வல்லுநர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். எனவே, முதலில் ஒப்பந்தத்தை விளங்கிக்கொள்வோம்.

ஒப்பந்தத்தின் உள்ளே

1960-களில் பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலையில், பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் இம்முறை அறிமுகமாயிற்று. அறையை நாள் வாடகைக்கு விடுவதற்குப் பதிலாக, ஆண்டில் ஒரு வாரம் என்று கூறுபோட்டு விற்றார்கள். இந்தியாவுக்கு 1980-களின் நடுப்பகுதியில் வந்தது. மலைவாசத்தலங்களில் தொடங்கிக் கடற்கரைக்கு இறங்கியது.

ஓர் ஆண்டில் 52 வாரங்கள். பழுதுபார்க்க ஒரு வாரத்தை ஒதுக்கினால், ஒரே அறையை 51 பேருக்கு விற்கலாம். கணக்குக்காக ஆளுக்கு 4 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் கைக்கு ஓர் அறையால் 2 கோடியே 4 இலட்சம் வருகிறது. இதோடு முடிவதில்லை. தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் உண்டு. அதையும் கணக்குக்காக 20 ஆயிரம் என்று கொண்டால், 25 ஆண்டு உறுப்பினர் ஒருவர் கட்டணமாக மட்டும் 5 இலட்சம் செலுத்துகிறார். இரண்டும் சேர்த்து 9 இலட்சம். பெற்றதோ 175 இரவுகள். ஓர் இரவுக்கு ஐயாயிரத்து நூற்றுச் சொச்சம் ஆகிறது. அதுவும் 25 ஆண்டுகளில் ஒரு முறைகூடத் தவறாமல் போயிருந்தால்தான். கட்டணம் ஒரு காசுகூட உயராமல் இருந்தால்தான். வீட்டில் ஒரு மௌத்து, ஒரு பிரசவம், பிள்ளையின் தேர்வு என்று நான்கைந்து ஆண்டுகள் போக முடியாமற்போவது எந்தக் குடும்பத்திலும் இயல்பு. இலாபமா நஷ்டமா என்பது அவரவர் கணக்கு. அதில் மார்க்கம் தலையிடுவதில்லை. ஆனால், 'சொந்தம்' என்ற சொல் இங்கே எதைக் குறிக்கிறது என்பதில் மார்க்கம் தலையிடும்.

இந்த ஒப்பந்தங்கள் இருவகைப்படும். கட்டிடத்திலேயே ஒரு பங்கை எழுதிக் கொடுப்பது ஒருவகை. அதில் வாங்குபவர் மற்றவர்களோடு கூட்டு உரிமையாளர் ஆகிறார். வாரம் பிரித்துக்கொண்டு பயன்படுத்துகிறார். மற்றவகையில் கட்டிடம் நிறுவனத்துக்கே சொந்தம்; வாங்குபவருக்குக் கிடைப்பது குறித்த காலத்திற்குத் தங்கும் உரிமை மட்டுமே. நம் நாட்டில் 'மெம்பர்ஷிப்' என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் இரண்டாம் வகையே. அதாவது, பலகையில் விற்பனை என்று எழுதியிருந்தாலும் ஷரீஅத்தின் பார்வையில் அது வாடகை. 'இஜாரா' எனும் பாடத்தின் கீழ் வருவது.

நம் இமாம்கள் அறியாத செய்தியா?

ஒரே பொருளைப் பலர் முறைவைத்துப் பயன்படுத்துவது புதுமையன்று. ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகத்துக்கு ஒரு நாள், ஸமூது கூட்டத்தாருக்கு ஒரு நாள் என்று நீர் பங்கிடப்பட்டதை அல்குர்ஆன் ஷுஅரா, கமர் ஆகிய அத்தியாயங்களில் கூறுகிறது. இதனையே சான்றாகக் காட்டி, கூட்டாளிகள் காலத்தால் பங்கிட்டுப் பயன்படுத்தும் 'முஹாயஆ' முறையை ஃபிக்ஹு அறிஞர்கள் அனுமதித்துள்ளார்கள். எனவே முதல்வகை ஒப்பந்தத்தில், பங்கு இன்னதென்று தெளிவாக எழுதப்பட்டு, வாரமும் வரையறுக்கப்பட்டால், அடிப்படையில் தடை இல்லை.

இரண்டாம் வகையில்தான் நுணுக்கம் இருக்கிறது. கடலோர ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்களாதலால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். குறிப்பிட்ட ஒரு வீட்டை இன்று ஒப்பந்தம் செய்து அடுத்த ஆண்டிலிருந்து வாடகைக்கு எடுப்பது நம் மத்ஹபில் செல்லாது. வாடகைக் காலம் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து தொடங்க வேண்டும். ஹனஃபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் எதிர்காலத்தில் தொடங்கும் வாடகை செல்லும். அதேவேளை, இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் 'மின்ஹாஜ்' நூலில், ஒரு வாகனப் பிராணியை இருவர் வாடகைக்கு எடுத்து இவர் சில நாட்கள், அவர் சில நாட்கள் என்று முறைவைத்து ஏறிச் செல்வதைச் சரியான சொல்லின்படி அனுமதித்துள்ளார்கள். யாருக்கு எந்த நாள் என்று விளக்கப்பட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒட்டகத்தின் முதுகை வைத்துப் பேசிய சட்டம், இன்றைய கடலோர விடுதிக்கு எவ்வளவு நெருங்கி வருகிறது பாருங்கள்!

மக்காவில் ஹரம் ஷரீஃபின் அருகே எழுந்த கோபுரக் கட்டிடத்தில், குறித்த காலம் தங்கும் உரிமை 2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில் பத்திரங்களாக விற்கப்பட்டது. ஹஜ், உம்ரா பயணிகள் பலர் வாங்கினார்கள். ஆகவே இது சுற்றுலா செல்வோரின் கேள்வி மட்டுமாக இருக்கவில்லை. ஹிஜ்ரி 1428-இல், அதாவது 2007 ஜூலையில், மலேசியாவின் புத்ரஜெயா நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தன் 18-ஆவது அமர்வில் இதனை ஆய்ந்து, மேற்சொன்ன இரு வகைகளையும் பிரித்துக் காட்டி, நிபந்தனைகளோடு அனுமதித்தது. பயன்பாடு இன்னதென்று தெரிய வேண்டும், காலம் வரையறுக்கப்பட வேண்டும், வாடகை அறியப்பட்டதாக இருக்க வேண்டும், கட்டிடத்தின் அடிப்படைப் பராமரிப்பு உரிமையாளரின் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் நம் ஊர் ஒப்பந்தங்கள் பெரிதும் இடறுகின்றன. ஒரு வீட்டை, அதைப் பழுதுபார்க்கும் செலவையே வாடகையாகக் கொண்டு விடுவது செல்லாது என்று ஷாஃபிஈ நூல்கள் கூறுகின்றன. காரணம், அந்தச் செலவு எவ்வளவு ஆகும் என்பது எவருக்கும் தெரியாது. தெரிந்த வாடகையோடு தெரியாத ஒரு தொகை சேர்ந்தால் மொத்தமும் தெரியாததாகிவிடுகிறது. இப்போது உங்கள் கையிலிருக்கும் தாளைப் புரட்டுங்கள். ஆண்டுக் கட்டணத்தை நிறுவனம் தேவைக்கேற்ப உயர்த்தும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறதா? எந்த அளவுக்கு உயரும் என்பதற்கு வரம்பு இருக்கிறதா? அறையைப் பெருக்குவது, மின்சாரம், துணி துவைப்பது போன்ற அன்றாடச் செலவுகளைத் தங்குபவரிடம் வாங்குவதில் குற்றமில்லை. கூரை ஒழுகுவதற்கும் கடற்காற்றில் கம்பி துருப்பிடிப்பதற்கும் அவரிடமே பணம் கேட்பது வேறு செய்தி.

வாரம் இன்னதென்று சொல்லாமல் 'புள்ளிகள்' என்ற கணக்கில் விற்பதும் உண்டு. எந்த ஊர், எந்த அறை, எந்த மாதம் என்று எதுவும் உறுதியில்லை, இடமிருந்தால் கிடைக்கும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 'ஃகரர்' உள்ள வணிகத்தைத் தடுத்ததாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. முடிவு மறைந்திருக்கும் வணிகம் என்பது அதன் பொருள். பள்ளி விடுமுறையில் ஒருபோதும் இடம் கிடைக்காத புள்ளிகளை வாங்குவது இதில் சேராது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

மோகான் கற்றுத்தந்தது

இந்த நிபந்தனைகளை வெறும் ஏட்டுச் சட்டம் என்று கருதுவோர் இருக்கலாம். மொரோக்கோ நாட்டின் கரைக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில், ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனேரியா என்ற தீவு இருக்கிறது. அதன் தென்மேற்கில் மோகான் என்ற பகுதி. ஆர்கினெகின் முதலிய மீனவச் சிற்றூர்கள் அடங்கியது. எரிமலைத் தீவாதலால் அங்குள்ள மணல் கறுத்திருக்கும். 1990-களில் அங்கே ஒரு குடாவில் மாபெரும் டைம் ஷேர் விடுதி எழுந்தது. தொலைவிலிருந்து வெண்மணலைக் கொண்டுவந்து கொட்டினார்கள். இதய வடிவில் செயற்கைத் தீவு ஒன்றையும் அமைத்தார்கள். நார்வே, பிரிட்டன் போன்ற குளிர் நாட்டினர் ஆயிரக்கணக்கில் வாரங்களை வாங்கினார்கள்.

ஸ்பெயின் அரசு 1998-இல் 42-ஆம் எண் சட்டத்தை இயற்றியது. இத்தகைய ஒப்பந்தத்தின் காலம் 3 ஆண்டுகளுக்குக் குறையாமலும் 50 ஆண்டுகளுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். சொத்து வாங்குவதுபோன்ற தோற்றம் தரும் பெயரைச் சூட்டக்கூடாது. 10 நாட்களுக்குள் காரணம் கூறாமல் விலகிக்கொள்ளலாம். அந்த நாட்களுக்குள் முன்பணம் வாங்கக்கூடாது என்று அச்சட்டம் கூறிற்று. அதற்குப் பின்னும் முடிவே இல்லாத காலத்துக்கும், இன்ன அறை இன்ன வாரம் என்று குறிக்காமலும் விற்பனை தொடர்ந்தது. 2015 ஜனவரியில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், மோகான் விடுதி தொடர்பான வழக்கிலேயே ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்த தீர்ப்புகளும், காலமும் பொருளும் வரையறுக்கப்படாத ஒப்பந்தங்களைச் செல்லாதவை ஆக்கின.

காலம் தெரியாத வாடகை செல்லாது. பொருள் தெரியாத வாடகை செல்லாது. நம் மதரஸாக்களில் இஜாரா பாடத்தின் தொடக்கத்திலேயே மாணவர்கள் படிக்கும் செய்தி இது. மாட்ரிட் நகரின் நீதிபதிகள் நம் கிதாபுகளைப் புரட்டியிருக்க மாட்டார்கள். வழக்காடியவர்களின் இழப்பே அவர்களை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தது. முடிவில்லாக் காலம் என்றால் முடிவில்லாக் கட்டணம். முதுமையடைந்து பயணம் செய்ய இயலாதவரையும் அது விடுவதில்லை. அவர் இறந்த பின்னர் பிள்ளைகளைத் தேடி வருமோ என்ற அச்சமும் உண்டு. (வாடகைதாரர் இறந்தால் ஒப்பந்தம் முறிந்துவிடும் என்பது ஹனஃபி மத்ஹப். ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது. எஞ்சிய காலத்தின் பயன் வாரிசுகளைச் சேரும். எனவே நாம் எழுதும் ஒப்பந்தம் பிள்ளைகளையும் தொடும் என்பதை மறந்துவிடலாகாது.)

ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் வகுத்த நெறி, விலகிக்கொள்ளும் காலத்தை 14 நாட்களாக்கியது. இந்தியாவில் டைம் ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதற்கு வரையறை தந்து, அதன் மீது வழக்குத் தொடுக்க வழி செய்திருக்கிறது. அது கையெழுத்திட்ட பின்னர் ஓடும் ஓட்டம். வணிக வளாகத்தில் குலுக்கல் சீட்டைக் கொடுத்து, பரிசு விழுந்ததாகத் தொலைபேசியில் அழைத்து, கணவன் மனைவி இருவரையும் ஓர் அறையில் மணிக்கணக்கில் உட்காரவைத்து, இன்றே கையெழுத்திட்டால்தான் இந்த விலை என்பார்கள். வணிகத்தில் ஏமாந்துகொண்டிருந்த ஒரு தோழருக்கு, ஏமாற்று இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடும்படி அண்ணலார் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று நாள் அவகாசமும் சில அறிவிப்புகளில் காணப்படுகிறது. ஆனால் விற்பனையில் உள்ள இந்த அவகாசம் ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி வாடகையில் இல்லை. பேனாவைத் தொடுமுன்பே தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தாக வேண்டும். வீட்டுக்குத் தரமாட்டோம் என்றால், அதுவே போதிய விடை.

பணம் இல்லையென்றால் மாதத் தவணை என்பார்கள். தவணை விலையை முதலிலேயே ஒரே தொகையாக நிர்ணயித்து, பின்னர் ஏறாமல் வாங்குவது கூடும். வங்கிக் கடனாக்கி வட்டியோடு வாங்குவதும், தாமதித்த கட்டணத்துக்கு வட்டி போடுவதும் ரிபா. இதில் விரித்துப் பேச ஒன்றுமில்லை.

கரை யாருடையது?

இதுவரை வாங்குபவரைப் பற்றிப் பேசினோம். விடுதி நிற்கும் நிலத்தைப் பற்றியும் பேசாமல் இருக்கலாகாது. ஏனெனில், தனக்கு உரிமையில்லாததை ஒருவர் வாடகைக்கு விட முடியாது.

கடலோரத் தோப்புகள் பல இன்னும் பாட்டனார் பெயரில் பங்கு பிரிக்கப்படாமல் கிடப்பவை. நல்ல விலை வந்ததும் அண்ணன் தம்பிகள் கூடிக் கையெழுத்திடுகிறார்கள். மணமுடித்துப் போன சகோதரிகளிடம் சம்மதம் கேட்பதில்லை. சகோதரியின் பங்கு அல்லாஹ் நிசா அத்தியாயத்தில் நிர்ணயித்தது. அவருடைய சம்மதமின்றி அவர் பங்கை விற்பது செல்லாது. இது மட்டுமன்று. பங்கு பிரிக்கப்படாத அசையாச் சொத்தில் ஒருவர் தம் பங்கை அயலாருக்கு விற்றால், அதே விலைக்கு அதைத் தானே எடுத்துக்கொள்ளும் உரிமை மற்றப் பங்காளிக்கு உண்டு. 'ஷுஃப்ஆ' எனப்படும் இவ்வுரிமை ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பாக ஸஹீஹ் புகாரியில் வந்துள்ளது. ஹனஃபி மத்ஹப் இதை அண்டை நிலத்தாருக்கும் விரித்துத் தருகிறது. 1870-இலேயே மெட்ராஸ் உயர் நீதிமன்றம் இவ்வுரிமையை ஏற்க மறுத்துவிட்டதால், நம் பகுதியில் இதற்காக நீதிமன்றம் செல்ல வழியில்லை. வழியில்லை என்பதால் அல்லாஹ்விடத்தில் கேள்வி இல்லாமற் போய்விடாது. விற்குமுன் சகோதரியிடம், "நீ எடுத்துக்கொள்கிறாயா?" என்று ஒரு சொல் கேட்பதற்கு எந்த நீதிமன்றமும் தேவையில்லை.

தோப்புக்கு அப்பாலுள்ள மணல் எவருக்கும் சொந்தமானதன்று. தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் கூட்டாளிகள் என்று அபூதாவூதில் இடம்பெறும் நபிமொழி கூறுகிறது. நதி முதலிய பொது நீர்நிலைகளின் கரையோரம் 'ஹரீம்' எனப்படும். மக்கள் இறங்கவும் பொருட்களை இறக்கவும் அது தேவைப்படுவதால் அதில் எவரும் கட்டடம் எழுப்பக்கூடாது, எழுப்பினால் இடிக்கப்படும் என்று ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால நூல்கள் தீர்ப்பளிக்கின்றன. அந்தக் கட்டடம் பள்ளிவாசலாக இருந்தாலும் சரியே என்றும் அவை சேர்த்துச் சொல்கின்றன. அல்லாஹ்வின் இல்லத்துக்கே இடமில்லாத கரையில் நீச்சல் குளத்துக்கு இடம் தேடுவோர் இதைச் சற்று நிதானித்துப் படிக்கட்டும்.

ஸ்பெயினின் 1988-ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டம் கரையைப் பொதுச்சொத்து என்று அறிவித்து, மக்கள் நடந்து செல்ல 6 மீட்டர் அகலப் பாதையைக் கரை நெடுகத் திறந்து வைக்கச் சொல்கிறது. நம் நாட்டில் 1991 முதல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை நடைமுறையில் இருந்து வருகிறது. கிராமப்புறக் கரையில், உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டடங்களுக்கு அதில் தடை இருந்தது. 2019-இல் வந்த அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமப்பகுதிகளில் இதனை 50 மீட்டராகக் குறைத்தது. அரசு அளவைக் குறைத்ததால் மீனவரின் தேவை குறைந்துவிடவில்லை. வள்ளத்தை இழுத்துப் போட, வலையை உலர்த்த, மீனைக் காயவைக்க, புயல் நாளில் எல்லாவற்றையும் மேடேற்ற அவருக்கு அதே அகலம் வேண்டும். வேலி போட்டு அவரைச் சுற்றிப் போகவைப்பது 'ளரர்', அதாவது தீங்கு. தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குப் பதில் தீங்கு செய்வதும் கூடாது என்ற நபிமொழி இப்னுமாஜாவில் உள்ளது. ஃபிக்ஹின் அடித்தளங்களில் ஒன்று அது. அந்த மீனவர் முஸ்லிமா அல்லவா என்று இதில் பார்ப்பதற்கில்லை. அண்டை வீட்டாரின் உரிமை மதம் பார்த்து வருவதன்று.

இதை எல்லாம் ஏன் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். அறையின் சன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்பதற்காகவே அவர் விலை கொடுக்கிறார். அந்தக் கட்டடம் அலைக்கோட்டிலிருந்து எத்தனை மீட்டரில் நிற்கிறது, கடற்கரை மண்டல அனுமதி இருக்கிறதா, கரைக்குச் செல்லும் ஊர்ப்பாதை திறந்திருக்கிறதா என்று கேட்பது அவருக்குக் கடமை. அனுமதியில்லாக் கட்டடம் ஒரு நாள் இடிபடும். 25 ஆண்டு உரிமையும் அதோடு இடிபடும்.

ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் பதற வேண்டியதில்லை. ஒப்பந்தத்தை அருகிலுள்ள ஆலிம் ஒருவரிடமும் வழக்கறிஞர் ஒருவரிடமும் காட்டுங்கள். காலம், அறை, வாரம், கட்டணம் ஆகியவை தெளிவாக இருந்தால் பயன்படுத்துவதில் தவறில்லை. தெளிவில்லாதவற்றை எழுத்தில் தெளிவுபடுத்தித் தருமாறு நிறுவனத்திடம் கேளுங்கள். மறுத்தால், செலுத்தியதில் மீட்க முடிந்ததை மீட்டுக்கொண்டு விலகுங்கள். வெறுத்துப்போய், உள்ளதை மறைத்து, இன்னொரு முஸ்லிமின் தலையில் அதைக் கட்டிவிட்டு வெளியேறாதீர்கள். குறையைச் சொல்லாமல் விற்பது அவருக்குச் செய்யும் மோசடி. போக இயலாத ஆண்டின் வாரத்தை உறவினருக்குக் கொடுக்கவோ, ஒப்பந்தம் அனுமதித்தால் உள்வாடகைக்கு விடவோ ஷரீஅத்தில் இடமுண்டு.

ஸகாத்தைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். தாம் தங்குவதற்காக வாங்கிய உரிமைக்கு ஸகாத் இல்லை. விற்று இலாபம் பெறும் எண்ணத்தோடே ஒருவர் வாங்கியிருந்தால் அது வணிகப் பொருளாகும். ஆண்டு நிறைவில் அன்றைய சந்தை மதிப்புக்கு இரண்டரை விழுக்காடு கொடுக்க வேண்டும். அன்றைய மதிப்பு, அவர் கொடுத்த விலையைவிடப் பெரும்பாலும் மிகக் குறைவாகவே இருக்கும்.